தவறணை வாசலில் ஒரு சனிக்கிழமை
வணக்கத்துக்குரிய மத்தேயு டல்பொட் (1856 – 1925)

சனிக்கிழமை பின்னேரம் என்றால் நமது கரையோரக் கிராமங்களுக்கு ஒரு தனிக் களை உண்டு. மறுநாள் கர்த்தருடைய நாள். வள்ளங்கள் கரையில் ஓய்ந்து கிடக்கும். வாரக் கணக்குப் பார்த்துச் சம்மாட்டியார் பங்குக் காசைக் கையில் கொடுப்பார். கூலி வேலைக்குப் போனவர்களுக்கும் அன்றுதான் கூலி. காசைப் பெற்றுக்கொண்டவன் முன்னே இரண்டு பாதைகள் கிடக்கின்றன. ஒன்று வீட்டுக்குப் போகிறது. மற்றது தவறணைக்குப் போகிறது. வீட்டு வாசலிலே மனைவி ஒருத்தி அந்த நேரத்தில் தெருவைப் பார்த்தபடி நிற்கிறாள். கடைக்காரருக்குச் சொன்ன தவணை அன்றோடு முடிகிறது. பிள்ளையின் கொப்பிக்கும் காசு வேண்டும். அந்தக் காசு வீடு வந்து சேருமா, வழியிலேயே கரைந்துபோகுமா என்பது அவளுக்கு ஒவ்வொரு வாரமும் எழும் கேள்வி. பேசாலையாயினும் வங்காலையாயினும், தலைமன்னாராயினும் சிலாவத்துறையாயினும் இந்தக் கேள்வி எல்லாக் கரைகளுக்கும் பொதுவானது.

இப்படியான ஒரு சனிக்கிழமையில்தான், 1884ஆம் ஆண்டிலே, அயர்லாந்து நாட்டின் டப்ளின் பட்டணத்தில் ஒரு கூலித் தொழிலாளி மதுக்கடை வாசலில் நின்றார். அவருக்கு வயது இருபத்தெட்டு. சட்டைப்பையில் ஒரு சதமும் இல்லை. அந்த வாசலில் அன்று நடந்த ஒரு சிறு சம்பவம் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. திருச்சபை இன்று வணக்கத்துக்குரியவர் என்று அழைக்கும் மத்தேயு டல்பொட் என்பவரே அந்தத் தொழிலாளி. அவருடைய வரலாற்றை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டாமவர்

மத்தேயு 1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி டப்ளினில் பிறந்தார். தகப்பனார் சாள்ஸ், தாயார் எலிசபெத். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். தகப்பனார் துறைமுகத்தில் வேலை செய்தார். உழைப்பாளிதான்; ஆனால் குடியும் இருந்தது. குடும்பம் பெரிது, வருமானம் சிறிது. வாடகை கொடுக்க இயலாமல் அடிக்கடி வீடு மாறினார்கள். தாயார் பிறர் வீடுகளில் துப்புரவு வேலை செய்து அடுப்பை எரிய வைத்தார். அவருடைய கையில் செபமாலை எந்நேரமும் இருந்தது.

அக்காலத்து அயர்லாந்தின் நிலையையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும். 1845 முதல் சில வருடங்கள் நீடித்த பெரும் பஞ்சம் நாட்டை உருக்குலைத்திருந்தது. பட்டினியால் இறந்தவர்கள் பத்து இலட்சம் வரை. கப்பலேறி நாட்டைவிட்டுப் போனவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர். பிழைத்தவர்கள் பட்டணத்து ஒடுக்கமான அறைகளில் நெருங்கி வாழ்ந்தார்கள். வேலை இன்று இருக்கும், நாளை இராது. அப்படிப்பட்ட வாழ்க்கையில் ஏழைக்கு வெளிச்சமும் வெப்பமும் பேச்சுத் துணையும் கிடைத்த இடம் மதுக்கடை ஒன்றே.

இந்தத் தீமையை எதிர்த்துப் போராடியவர்களும் இருந்தார்கள். கப்புச்சின் சபையைச் சேர்ந்த தியோபால்ட் மத்தியூ சுவாமியார் 1838ஆம் ஆண்டு கோர்க் நகரில் மதுவிலக்கு இயக்கத்தைத் தொடக்கினார். இலட்சக்கணக்கான மக்கள் அவர் முன்னிலையில் இனிக் குடிப்பதில்லை என்று பிரதிக்கினை செய்தார்கள். ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக நின்று சத்தியம் செய்தவர்கள் பலர், கூட்டம் கலைந்தபின் தனியே நின்று அதைக் காக்க இயலாமற் போனார்கள். அந்தச் சுவாமியார் இறைபதமடைந்தது 1856ஆம் ஆண்டு, மத்தேயு பிறந்த அதே வருடத்தில்.

மத்தேயு பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் மிகக் குறைவு. பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போனார். கிடைத்த வேலை மது வியாபாரிகளின் கிட்டங்கியில். பியரைப் போத்தலில் அடைக்கும் இடம் அது. வேலையாட்கள் மிச்சமீதியைச் சுவைத்துப் பார்ப்பது அங்கே வழமை. சிறுவனும் சுவைத்தான். சில மாதங்களுக்குள்ளே தள்ளாடியபடி வீட்டுக்கு வந்தான். இதைக் கண்டு கோபமுற்ற தகப்பனார், மகனைத் தம் கண்பார்வையில் வைத்திருக்க எண்ணித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்த்தார். அங்கேயும் அவனுக்கு வாய்த்தது விஸ்கிப் பீப்பாய்கள் அடுக்கிய கிட்டங்கியே. முன்பு பியர் குடித்தவன் இப்போது விஸ்கி குடித்தான். பிள்ளையைக் காக்கத் தகப்பன் செய்த ஏற்பாடே பிள்ளையை இன்னும் ஆழத்தில் தள்ளியது.

பதினாறு வருடங்கள்

பின்னர் மத்தேயு கட்டட வேலைக்குப் போனார். செங்கல்லும் சாந்தும் சுமந்து ஏணியில் ஏறுகின்ற வேலை. அதில் அவருக்கு நிகரான வேலையாள் இல்லை. மற்றவர்களும் அதே வேகத்தில் வரட்டும் என்று மேற்பார்வையாளர் அவரையே வரிசையின் முன்னால் விடுவாராம். பகலில் இவ்வளவு திறமை. இரவில் அவ்வளவு வீழ்ச்சி. சனிக்கிழமை பெற்ற கூலி திங்கள், செவ்வாய்க்குள் முடிந்துவிடும். பிறகு கடன். கடனும் கிடைக்காதபோது சட்டையை, சப்பாத்தை ஈடு வைத்தார். வெறுங்காலோடு வீட்டுக்கு வந்த நாளும் உண்டு.

கெட்ட மனிதர் அல்ல அவர். கை தாராளமானவர். கையில் காசு இருந்தால் கூட்டாளிகள் எல்லோருக்கும் வாங்கிக் கொடுப்பார். ஞாயிறு பூசைக்கும் போய்வந்தார். ஆனால் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று மூன்று வருடங்கள் வரை ஆகியிருந்தன. குடியானது ஒரு மனிதனின் நல்ல குணங்களை அழிப்பதில்லை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் வேலைக்கு வைத்துக்கொள்கிறது. அவருடைய உழைப்பும் தாராளமும் தோழமையும் எல்லாம் மதுக்கடைக்கே பயன்பட்டன.

ஒரு நாள் நடந்த சங்கதி அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. தெருவில் பிடில் வாசித்துப் பிழைக்கும் ஓர் ஏழை அவர்களோடு சேர்ந்து குடிக்க வந்தான். மத்தேயுவும் கூட்டாளிகளும் அவனுடைய பிடிலைத் திருடி விற்று, அந்தக் காசுக்கும் குடித்தார்கள். அந்த மனிதனுக்கு அதுதான் சோறு போட்ட கருவி. நமது கரையிலே ஒருவனுடைய வலையைத் திருடி விற்பதற்கு ஒப்பான செயல் அது.

அந்தச் சனிக்கிழமை

1884இல் ஒரு வாரம் முழுவதும் மத்தேயு வேலைக்குப் போகவில்லை. ஆகவே சனிக்கிழமை வந்தபோது அவருக்குக் கூலி இல்லை. ஆனால் தாகம் இருந்தது. கூட்டாளிகள் கூலி பெற்றுக்கொண்டு வரும் வழியில், மதுக்கடை வாசலில் போய் நின்றார். எத்தனை சனிக்கிழமைகளில் அவர்களுக்கெல்லாம் தாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்! இன்று ஒருவனாவது உள்ளே வா என்று கூப்பிடமாட்டானா என்பது அவருடைய எண்ணம்.

அவர்கள் வந்தார்கள். இருவர் மூவராக அவரைக் கடந்து போனார்கள். சிலர் நலம் விசாரித்தார்கள். சிலர் அதுவும் செய்யவில்லை. ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. கதவு திறந்து மூடியது. உள்ளேயிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்டன. மத்தேயு வெளியே நின்றார்.

அந்தச் சில நிமிடங்களில் அவர் உள்ளம் உடைந்தது. குடிக்கக் கிடைக்கவில்லை என்பதைவிடப் பெரிய வேதனை ஒன்று அதில் இருந்தது. தமக்குத் தோழர்கள் இருக்கிறார்கள் என்றே பதினாறு வருடங்களும் எண்ணியிருந்தார். தம் கையிலிருந்த காசுக்குத்தான் தோழர்கள் இருந்தார்கள் என்பதை அன்று கண்டுகொண்டார். திரும்பி வீட்டை நோக்கி நடந்தார்.

சனிக்கிழமை மத்தியானத்தில் மகன் குடிக்காமல் வீடு வந்ததைக் கண்டு தாயார் வியந்தார். சாப்பாட்டுக்குப் பின் மத்தேயு, தாம் குடியை விடப் பிரதிக்கினை எடுக்கப் போவதாகச் சொன்னார். அத்தாய் மகிழ்ந்து ஆரவாரம் செய்யவில்லை. காக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் போய் எடு, இல்லாவிட்டால் எடுக்காதே என்ற பொருளில் அமைதியாகப் புத்தி சொன்னார். அவர் வாசலைத் தாண்டும்போது கடவுள் அவனுக்குப் பலம் தரட்டும் என்று ஆசீர்வதித்தார். எத்தனை சத்தியங்கள் முறிந்ததைக் கண்ட தாய்! ஆயினும் கதவை அடைக்கவில்லை.

குருமாணவர்கள் படிக்கும் திருச்சிலுவைக் கல்லூரிக்கு மத்தேயு நடந்து போனார். அங்கே ஒரு குருவானவரைக் கண்டு பாவசங்கீர்த்தனம் செய்தார். மூன்று மாதங்களுக்குக் குடிப்பதில்லை என்று பிரதிக்கினை எடுத்தார். ஆயுள் முழுவதற்கும் அல்ல, மூன்றே மாதங்களுக்கு. மறுநாள் ஞாயிறு காலை ஐந்து மணிப் பூசையில், கார்டினர் தெருவிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் தேவநற்கருணை பெற்றார்.

வெறுமையான நேரம்

இனி நடந்ததை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் குடியை விடுவது ஒரு நாள் வேலை. விட்டபடியே இருப்பது ஒவ்வொரு நாள் வேலை. நம்மிலும் எத்தனையோ பேர் தவக்காலம் முழுவதும் தொடாமல் இருந்து, பாஸ்கு முடிந்த கையோடு பழைய இடத்துக்குப் போய்விடுகிறார்கள். மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்துத் திரும்பி வந்து, மூன்றாம் வாரம் முறித்தவர்களும் உண்டு. அவர்களெல்லாம் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் என்று சொல்வது நியாயமல்ல. சத்தியம் செய்த வேளையில் அவர்கள் உள்ளம் உண்மையாகவே இருந்தது. விட்ட பழக்கத்தின் இடத்தில் வேறொன்றை வைக்கவில்லை, அங்கேதான் பிழைத்தது.

மத்தேயுவுக்கு அந்த மூன்று மாதங்களும் நரகம். உடல் கேட்டது, மனம் கேட்டது. எல்லாவற்றிலும் கொடியது மாலை நேரம். வேலை முடிந்தபின் முன்பு போவதற்கு ஓர் இடம் இருந்தது, பேசுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். இப்போது அந்த நேரம் வெறுமையாகக் கிடந்தது. அதை எப்படி நிரப்புவது? அவர் நடந்தார். பட்டணத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்து, மதுக்கடைகள் குறைந்த தெருக்களாகப் பார்த்துப் போய், ஏதாவது ஓர் ஆலயத்தினுள் அமர்ந்தார்.

ஒரு மாலை கால்கள் அவரை அறியாமலே ஒரு மதுக்கடையினுள் கொண்டுபோய்விட்டன. சட்டைப்பையில் காசும் இருந்தது. பரிமாறுபவன் வேறு ஆட்களோடு மும்முரமாயிருந்தபடியால் இவரைக் கவனிக்கவில்லை. சற்று நேரம் நின்ற மத்தேயு வெளியே ஓடி ஓர் ஆலயத்தினுள் புகுந்தார். கதவு பூட்டும்வரை அங்கேயே இருந்தார். அன்றிலிருந்து சட்டைப்பையில் காசு வைத்துக்கொண்டு வெளியே போவதில்லை என்று முடிவு செய்தார். தம் பலத்தை நம்பாமல் தம் பலவீனத்தை அறிந்து ஒழுகியது அவருடைய ஞானம். குடிக்கமாட்டேன் என்ற வைராக்கியத்தைவிட, காசில்லாத சட்டைப்பை அவருக்கு அதிகம் உதவியது.

மூன்று மாதங்கள் முடிந்தன. இன்னும் ஆறு மாதங்களுக்குப் பிரதிக்கினையைப் புதுப்பித்தார். அதன்பின் ஆயுள் முழுவதற்கும் எடுத்தார். இறக்கும்வரை நாற்பது வருடங்களுக்கு மேலாக ஒரு துளி மதுவும் அவர் தொடவில்லை. பின்னாளில் புகைத்தலையும் விட்டார். குடியை விட்டதைவிடப் புகையிலையை விட்டதே தமக்குக் கடினமாயிருந்தது என்று அவர் வீட்டாரிடம் சொன்னதாக அறிகிறோம்.

தனித்து வென்றவரா?

மத்தேயுவைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள், அவர் தனியொருவராகப் போராடித் தம்மைத் தாமே வென்ற வீரர் என்று நினைப்பதுண்டு. உண்மை அதுவன்று. தவறணைத் தோழர்களை இழந்த நாளிலேயே அவருக்கு வேறு தோழமை கிடைக்கத் தொடங்கியது. முதலில் தாயார். அடுத்து அவருடைய வாழ்க்கையை அறிந்து வழிநடத்திய ஆத்மகுருக்கள். கார்டினர் தெரு ஆலயத்தில் இயேசுசபைக் குருக்கள் நடத்திய ஆண்கள் சபையில் அவர் சேர்ந்தார். 1890ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் உறுப்பினரானார். குறித்த நாளில், குறித்த நேரத்தில், தம்மை எதிர்பார்க்கும் மனிதர்கள் ஓரிடத்தில் இருக்கிறார்கள் என்பது அவருக்குப் பெரும் ஊன்றுகோலாயிற்று.

மதுவிலக்குக்காகவே ஒரு சங்கமும் அதே ஆலயத்தில் பிறந்தது. 1898ஆம் ஆண்டு இயேசுசபையைச் சேர்ந்த யேம்ஸ் கலன் சுவாமியார் முன்னோடிகள் மதுவிலக்குச் சங்கத்தை அங்கேதான் நிறுவினார். மத்தியூ சுவாமியார் காலத்துப் பிரதிக்கினைகள் முறிந்த காரணத்தை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே சத்தியத்தோடு நின்றுவிடாமல், சங்கமாகக் கூடுவதற்கும் வழி செய்தார்.

படிப்பற்ற மத்தேயு எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினார். வேதாகமத்தையும் புனித அகுஸ்தீன், புனித பிரான்சிஸ் சலேசியார் போன்றவர்களின் நூல்களையும் கையில் எடுத்தார். விளங்காத இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டு போய்க் குருக்களிடம் விளக்கம் கேட்டார்.

பழைய கடன்களையும் மறக்கவில்லை. எந்தெந்தக் கடைகளில் கடன் வைத்தாரோ அங்கெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாகக் காசைக் கடித உறையில் இட்டுக் கொடுத்துத் தீர்த்தார். ஒரு கடன் மட்டும் தீரவில்லை. அந்தப் பிடில்காரனைத் தேடி வருடக்கணக்காக டப்ளின் தெருக்களில் அலைந்தார். ஆளைக் காணவில்லை. இறுதியில், அந்தக் காசை அவனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும்படி கொடுத்தார். குடியை விட்டவனுக்கும் சில இழப்புகளை மீட்டெடுக்க முடிவதில்லை. அதை ஏற்றுக்கொண்டு மேலே நடப்பதும் மனந்திரும்புதலில் ஒரு பகுதியே.

மரக்காலைத் தொழிலாளி

பிற்காலத்தில் மத்தேயு டப்ளின் துறைமுகத்தை அடுத்த பெரிய மரக்காலை ஒன்றில் கூலியாளாக இருந்தார். அதிகாலை பூசை காணாமல் அவர் வேலைக்குப் போனதில்லை. இரவில் பலகையொன்றில் படுத்து, மரக்கட்டையொன்றைத் தலையணையாக வைத்து, இரண்டு மணிக்கே எழுந்து செபிப்பார். உணவும் மிகச் சிறிது. இவற்றையெல்லாம் யாரும் பின்பற்ற வேண்டுமென்று திருச்சபை கேட்பதில்லை. அது அவருக்கே உரிய வழி. ஆத்மகுருவுக்குத் தெரிந்தே செய்தார்.

இவ்வளவு கடுந்தவம் செய்தவர் முகஞ்சுளித்த மனிதரல்ல. வேலைத்தலத்தில் எல்லோரோடும் சிரித்துப் பேசுவார். தூஷணமாகப் பேசுகிறவனைக் கடிந்துகொள்ளாமல் மெதுவாகத் திருத்துவார். தொழிற்சங்கத்திலும் உறுப்பினராயிருந்தார். 1913ஆம் ஆண்டு டப்ளின் தொழிலாளரை முதலாளிகள் வேலைக்கு விடாமல் கதவடைத்தபோது, பல்லாயிரம் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. தமக்குக் கிடைத்த உதவிப் பணத்தை மத்தேயு பிள்ளைகுட்டிக்காரருக்குப் பகிர்ந்து கொடுத்தார். தம் கூலியில் மிஞ்சியதை ஏழைகளுக்கும், சீன தேசத்து வேதபோதகத்துக்கும் கொடுத்துவந்தார். முன்பு மதுக்கடையில் கூட்டாளிகளுக்கு வாரியிறைத்த அதே கைதான் இதுவும். கை மாறவில்லை; போகும் இடம் மாறியது.

தாயாரைத் தம்மோடு வைத்துக் கடைசிவரை பராமரித்தார். 1915இல் அத்தாய் இறந்தார். தம் மகன் வெறியோடு வந்த இரவுகளை அறிந்த அந்தத் தாயின் கண்கள், அவன் நள்ளிரவில் முழந்தாளில் நிற்பதையும் கண்டே மூடின.

1923இல் இருதய நோயும் சிறுநீரக நோயும் அவரை வீழ்த்தின. வைத்தியசாலையில் கிடந்தார். வேலையில்லாத அக்காலத்தில் புனித வின்சென்ட் டி போல் சபையாரின் உதவியை ஏற்றுக்கொண்டார். பிறருக்குக் கொடுத்தவர் பிறரிடமிருந்து பெறவும் தயங்கவில்லை.

1925ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி, பரிசுத்த திரித்துவத் திருநாள். அந்த ஞாயிறு காலை, சாமிநாதர் சபைக் குருக்களின் ஆலயத்துக்குப் பூசை காணப் போகும் வழியில், ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் மத்தேயு விழுந்து இறந்தார். அறுபத்தொன்பது வயது. சட்டைப்பையில் அவர் யாரென்று அறிவிக்கும் எதுவும் இல்லை. வைத்தியசாலையில் உடலைத் துப்புரவு செய்தபோது, உடலில் சங்கிலிகள் அணிந்திருந்ததைக் கண்டார்கள். தேவதாய்க்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்ததன் அடையாளமாக அவர் இரகசியமாக அணிந்திருந்தவை அவை. குடிக்கு அடிமையாயிருந்தவர் தாம் விரும்பித் தெரிந்துகொண்ட அடிமைத்தனம்.

அடுத்த வருடமே அவருடைய வரலாறு சிறு நூலாக வெளிவந்தது. 1931இல் புனிதர் பட்ட விசாரணை தொடங்கியது. 1972இல் அவருடைய பூதவுடல் டப்ளினிலுள்ள லூர்து அன்னை ஆலயத்துக்கு மாற்றப்பட்டது. 1975ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். 2025இல் அவர் இறந்து நூறு வருடங்கள் நிறைவெய்தின. குடியிலிருந்து மீள விரும்புவோர் பல நாடுகளில் அவருடைய மன்றாட்டை நாடி வருகிறார்கள்.

மேசையைச் சுற்றிச் சில நாற்காலிகள்

மத்தேயு இறந்து பத்து வருடங்களின் பின், 1935இல், அமெரிக்காவின் அக்ரன் நகரில் மற்றொரு சம்பவம் நடந்தது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன் என்ற பங்கு வியாபாரி அந்நகருக்கு வந்திருந்தார். வந்த காரியம் தோற்றுப்போயிற்று. விடுதியில் ஒரு பக்கம் மதுச்சாலை, மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். அங்கே குறிக்கப்பட்டிருந்த ஆலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரை அழைத்தார். தம்மைப் போன்ற ஒரு குடிகாரரோடு பேசவேண்டும், இல்லாவிட்டால் தாம் மறுபடியும் விழுந்துவிடுவேன் என்பதே அவர் கேட்டதன் சாரம். அந்த வழியாக டாக்டர் பொப் சிமித் என்ற சத்திர வைத்தியரைச் சந்தித்தார். அவரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவர். இருவரும் பல மணி நேரம் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்தே அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்னும் பெயர் சொல்லாத குடிநோயாளர் தோழமை பிறந்தது. 1939 முதல் அதே நகரின் புனித தோமையார் வைத்தியசாலையில் அயர்லாந்தில் பிறந்த கன்னியாஸ்திரி இக்னேசியா, வேறு எங்கும் ஏற்கப்படாத குடிநோயாளரை டாக்டர் சிமித்தோடு சேர்ந்து பராமரித்தார். 1946இல் மத்தேயுவின் ஊராகிய டப்ளினிலும் இத்தோழமையின் கூட்டம் ஆரம்பமாயிற்று. ஐரோப்பாவில் அதுவே முதலாவது. இலங்கையிலும் இந்தியாவிலும் இக்கூட்டங்கள் நடைபெற்று வருகின்றன.

அங்கே என்ன செய்கிறார்கள்? மேசையைச் சுற்றிச் சில நாற்காலிகள். தேநீர். வந்தவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் குடித்தவர்கள். ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்கிறார்கள். முழுப் பெயர் கேட்பதில்லை. சந்தா இல்லை. புத்தி சொல்லுவாரும் இல்லை, பழி சொல்லுவாரும் இல்லை. கேட்டது வெளியே போகாது. இனி ஒருபோதும் குடிக்கமாட்டேன் என்ற பெரிய சத்தியம் கேட்கப்படுவதில்லை. இன்றைக்கு மட்டும் குடியாமலிருக்க முயல்கிறார்கள். மத்தேயு மூன்று மாதங்களில் தொடங்கியதை இவர்கள் ஒரு நாளில் தொடங்குகிறார்கள். குடிப்பவரின் மனைவி மக்களுக்கென அல்-அனொன் என்ற தனித் தோழமையும் 1951 முதல் உண்டு.

குடியிலிருந்து மீள விரும்பும் மன்னார்ச் சகோதரர் ஒருவர் இதை வாசித்தால், அவருக்கு நாம் சொல்வது சில எளிய காரியங்கள். முதலாவது, நெடுங்காலம் தினமும் கடுமையாகக் குடித்தவர் வைத்தியரின் உதவியின்றித் திடீரென நிறுத்தக்கூடாது. நடுக்கமும் வலிப்பும் புத்தி மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியசாலைக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். இது ஒரு நோய், வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டாவது, உங்களுக்கு அண்மையில் எங்கே கூட்டம் நடக்கிறது என்று வைத்தியரிடமோ பங்குச் சுவாமியாரிடமோ கேளுங்கள். கேட்பதற்கு நாணமாயிருந்தால், விடுதியில் தொலைபேசியைக் கையிலெடுத்த அந்த வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, தொலைவிலுள்ள பட்டணத்துக்கு வாராவாரம் பஸ் ஏறிப் போவது கடலை நம்பிப் பிழைப்பவருக்கு இயலாத காரியமாயிருக்கலாம். அதற்காக மனம் தளர வேண்டாம். ஒரு கூட்டத்துக்கு இரண்டு மூன்று பேர் போதும் என்பது அத்தோழமையின் வழக்கம். இரண்டு மூன்று பேர் கூடுமிடத்தில் நடுவில் இருப்பவர் யாரென்று கிறிஸ்தவர்களாகிய நமக்குத் தெரியாததல்ல.

பங்கு மக்களுக்கும் ஒரு வார்த்தை. நமது கிராமங்களில் ஆலயம் இருக்கிறது, பங்கு மண்டபம் இருக்கிறது, வாசிகசாலை இருக்கிறது. சனிக்கிழமை மாலையில் அவற்றில் ஓர் அறையின் விளக்கு எரியட்டும். கதவு திறந்திருக்கட்டும். ஒரு கேத்தல் தேநீர் இருக்கட்டும். உள்ளே வருகிறவனை யார் எவன் என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதை அயலவர் நிறுத்தட்டும். குடித்துவிட்டுத் திருந்தியவனைப் பழைய பெயர் சொல்லி அழைப்பதும், கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒரு சொட்டு எடுத்தால் என்ன என்று அவனை நெருக்குவதும், குழியிலிருந்து ஏறி வருபவனின் கையை மிதிப்பதற்குச் சமம். ஒருவன் விழுந்து மறுபடி வந்தாலும் அதே கதவு அவனுக்குத் திறக்க வேண்டும்; மத்தேயுவின் தாய் திறந்து வைத்திருந்ததைப் போல.

1884இல் அந்தச் சனிக்கிழமை, மதுக்கடையின் உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மத்தேயுவைக் கூப்பிடவில்லை. அதனால் அவர் பிழைத்தார். ஆனால் வெளியே வந்தவருக்குப் போவதற்கு ஒரு வீடும், காத்திருந்த ஒரு தாயும், கதவைத் திறந்த ஒரு குருவும் இருந்தார்கள். அவை இல்லாதிருந்தால் அவர் எங்கே போயிருப்பார்? நமது கரையில் இந்தச் சனிக்கிழமையும் யாரோ ஒருவன் தவறணை வாசலில் தயங்கி நிற்பான். அவன் திரும்பி நடந்தால் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி.

வணக்கத்துக்குரிய மத்தேயுவின் மன்றாட்டினால், குடியினால் வருந்தும் குடும்பங்களுக்கு ஆண்டவர் ஆறுதல் அளிப்பாராக.